காயில் கட்டுற ஊருக்கு ஒரு டிக்கெட்!

உங்க ஏரியாவுல மோட்டார் காயில் கட்டுற கடை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். வாசல்ல எண்ணெய்க் கறை, மூலையில எரிஞ்சுபோன மிக்ஸி, கிரைண்டர் மோட்டார் குவியல். நடுவுல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எஃப்.எம். கேட்டுக்கிட்டே தாமிரக் கம்பியைச் சுத்திக்கிட்டு இருப்பார் ஒரு அண்ணன். எத்தனை சுத்து ஆச்சுன்னு யாராவது கேட்டா, எண்ணிக்கை தப்பிடும்னு பதிலே சொல்ல மாட்டார்.

இந்த வாரம் நாம போகப் போறதும் காயில் கட்டுற ஊர்தான். ஆனா இது கடலை மிட்டாய் சைஸ்கூட இல்லாத குட்டிக் காயில். இ-சிகரெட்டுக்குள்ளே, பஞ்சைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குமே, அது. உலகத்துல விற்கிற இ-சிகரெட்டுகள்ல பத்துக்கு ஒன்பது ஒரே நகரத்துல தயாராகுதுன்னு மதிப்பிடுறாங்க. தெற்குச் சீனாவின் ஷென்ஜென்!

'அது நம்ம ஊர்ல தடை பண்ணின சமாச்சாரமாச்சே'ன்னு புருவம் தூக்குறீங்களா? ஆமாம். அதனாலதான் போகணும். காலேஜ் பக்கம் ரகசியமா கைமாறும்போது அதுக்குப் பேர் 'வேப்'. மாம்பழ வாசனை, கலர் கலரான டப்பா. அதைத் திறந்து பார்த்தவங்க நம்மள்ல எத்தனை பேர்? பிறந்த ஊருக்கே போய்ப் பார்த்துட்டா விஷயம் முடிஞ்சது.

ஹாங்காங் வரைக்கும் விமானம். அங்கிருந்து ஈஸ்ட் ரெயில் மெட்ரோவுல ஏறி, கடைசி ஸ்டேஷன் லோ வூவுல இறங்கணும். சீன விசா தனியா எடுத்திருக்கணும், மறந்துடாதீங்க. ஒரு சின்ன ஆறு, மேலே மூடின பாலம், இந்தப் பக்கம் ஒரு இமிக்ரேஷன், அந்தப் பக்கம் ஒரு இமிக்ரேஷன். நடந்தே தாண்டினா ஷென்ஜென் வந்துடும். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சப்போ இந்த வட்டாரம் மொத்தத்துலயும் மூணு லட்சம் பேர்தான் இருந்தாங்க. மீன், சிப்பி, நெல்லுன்னு பிழைப்பு. 2020 கணக்கெடுப்புல ஒரு கோடியே எழுபத்தஞ்சு லட்சம். ஒரு மனுஷன் பிறந்து நாற்பது வயசு ஆகுறதுக்குள்ளே ஒரு ஊர் இப்படி மாறினா, அந்த ஊர்ல யாருக்குத்தான் சொந்த ஊர் இருக்கும்? டாக்சிக்காரர், ஹோட்டல் சர்வர், கடைப் பொண்ணு, எல்லாருமே எங்கிருந்தோ வந்தவங்கதான்.

மெட்ரோ முதல் லைன்ல 'ஹுவாச்சியாங் ரோடு' ஸ்டேஷன்ல இறங்கி மேலே வாங்க. சென்னைக்காரங்களுக்குச் சட்டுனு புரியணும்னா ரிச்சி ஸ்ட்ரீட்டை நினைச்சுக்குங்க. அதை நூறு மடங்கு பெருசாக்கி, அடுக்கடுக்கா மாடியில ஏத்தி, ஏ.சி. போட்டா ஹுவாச்சியாங்பெய். அந்தத் தெருவுக்குக் காவல்காரன் மாதிரி நிக்கிறது எஸ்.இ.ஜி. பிளாசா. எழுபது மாடிக்கு மேல. 2021 மே 18-ம் தேதி மத்தியானம், பூகம்பம் எதுவும் இல்லாமலே இந்தக் கட்டடம் ஆட ஆரம்பிச்சு, உள்ளே இருந்த ஜனங்க தலைதெறிக்க வெளியே ஓடின வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. மொட்டை மாடியில இருந்த கம்பத்தைக் காத்து ஆட்டி, அது கட்டடத்தையே ஆட்டிடுச்சுன்னு கண்டுபிடிச்சு, கம்பத்தைக் கழட்டிட்டாங்க. சிவில் பசங்க, 'ரெசனன்ஸ்'னு பாடத்துல படிக்கிறது இதுதான்!

இதோட கீழ் மாடிகள் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் கடை. கடைன்னா ஒரு மேஜை அகலம். ஒரு மேஜையில எல்.இ.டி. மட்டும். இன்னொண்ணுல ஸ்க்ரூ மட்டும். அடுத்ததுல கெபாசிட்டரை அரிசி மாதிரி அளந்து கொட்டுவாங்க. பாஷை தெரியாட்டிப் பரவாயில்லை. கால்குலேட்டர்ல விலையைத் தட்டித் திருப்பிக் காட்டுவாங்க. நீங்க பாதியைத் தட்டித் திருப்புங்க. முகத்தைச் சுளிப்பாங்க, சிரிப்பாங்க, நடுவுல எங்கேயோ படியும்.

இப்படிப்பட்ட சந்தைகள்ல நமக்கு வேண்டியது ரீல் கம்பி. பார்க்க ஒண்ணுமே இல்லை. தையல் நூல்கண்டு மாதிரி, சாம்பல் கலர். ரெண்டு பேர் முக்கியம்: நைக்ரோம், கான்தால். நைக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்தது. ஆல்பர்ட் மார்ஷ்னு ஒரு அமெரிக்கர் 1906-ல் பேட்டன்ட் வாங்கினார். பிரெட் டோஸ்டர் பிறந்ததே இதால்தான். கான்தால், இரும்பு, குரோமியம், அலுமினியம் கூட்டு. ஸ்வீடன்ல ஹால்ஸ்டாஹமார்னு ஒரு சின்ன ஊர்ல ஹான்ஸ் வான் கான்ட்சோ கண்டுபிடிச்சது. அவர் பேர்ல பாதி, ஊர் பேர்ல பாதி சேர்த்து 'கான்தால்'. கம்பெனி ஆரம்பிச்சது 1931. உங்க ஹாஸ்டல் ரூம்ல வார்டனுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கீங்களே காயில் அடுப்பு, அதுல செக்கச்செவேல்னு பழுக்கிறது இந்தக் குடும்பத்துக் கம்பிதான்.

இந்தக் கம்பிக்கு ஏன் இவ்வளவு மவுசு? கரண்ட்டுக்கு வழிவிடாம முரண்டு பிடிக்கும். 0.4 மி.மீ. தடிமன்ல ஒரு மீட்டர் கான்தால் எடுத்தா பதினொன்றரை ஓம் இருக்கும். அதே தடிமன்ல தாமிரக் கம்பின்னா 0.14 ஓம்தான். முரண்டு பிடிக்கிறதெல்லாம் சூடா வெளியே வரும். இன்னொரு வித்தையும் உண்டு. பழுக்கக் காய்ச்சினா கான்தால் மேல மெல்லிசா அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகும். அது கரண்ட் கடத்தாது. அதனால சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தாலும் ஷார்ட் ஆகாது. கம்பி தனக்குத்தானே இன்சுலேஷன் போட்டுக்குது!

2010-க்குப் பிறகு சில வருஷம், அமெரிக்கா, இங்கிலாந்து, பிலிப்பைன்ஸ்ல பசங்களுக்குக் கம்பிப் பைத்தியம் பிடிச்சது. கடையில ரெடிமேடா வர்ற காயிலை யாரு வாங்குவா, நாங்களே கட்டிக்கிறோம்னு கிளம்பினாங்க. மூணு மி.மீ. கம்பியில ஏழு சுத்து. ஒன்பது சென்டிமீட்டர் கான்தால்கூட ஆகாது. ஒரு ஓம் வரும். ரெண்டு காயில் கட்டி பேரலலா மாட்டினா அரை ஓம். நாம செமஸ்டர் லேப்ல வேண்டாவெறுப்பா ரீடிங் எடுத்த அதே ஓம் விதியை அவங்க விரல் நுனியில வெச்சிருந்தாங்க. தடிச்ச கம்பி மேல மெல்லிசு கம்பியை நெருக்கமாச் சுத்தி, அந்த முறுக்குக் கம்பியில காயில் கட்டுறதுக்கு 'கிளாப்டன்'னு பேர். கிடாரோட பேஸ் தந்தி அப்படித்தானே இருக்கும்? கிடார் மன்னன் எரிக் கிளாப்டன் பேரை வெச்சுட்டாங்க. பூதக்கண்ணாடி வெச்சு ரசிக்கிற மாதிரி பின்னல் போட்டவங்களும் இருந்தாங்க. சும்மா சொல்லக் கூடாது, வேலைப்பாடுன்னு பார்த்தா நகை ஆசாரி தோத்தார்.

கட்டினதும் மாட்டிட முடியாது. டெஸ்ட் பண்ணணும். முதல் சோதனை ஓம் பார்க்கிறது. இதுல ஒரு வேடிக்கை. நம்ம சாதாரண மல்டிமீட்டரோட ரெண்டு ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சுப் பாருங்க, அதுவே 0.2, 0.3 ஓம்னு காட்டும். அளக்க வேண்டிய காயிலே 0.2 ஓம்னா? தராசுத் தட்டே சரக்கு அளவுக்குக் கனத்தா எப்படி நிறுக்கிறது! அதனால சின்ன ரெசிஸ்டன்சுக்குன்னே தனி மீட்டர் வெச்சிருந்தாங்க. இ.இ.இ. பசங்க லேப்ல நாலு ஒயர் வெச்சு அளக்கிற 'கெல்வின்' முறை எதுக்குன்னு யாராவது கேட்டா இந்த உதாரணத்தைச் சொல்லுங்க.

ரெண்டாவது சோதனை கண்ணால. பஞ்சு வைக்கிறதுக்கு முன்னாடி, விட்டு விட்டு ஸ்விட்சைத் தட்டுவாங்க. காயில் நடுவுல இருந்து சிவக்க ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமாப் பரவணும். ஓரத்துக் கால் முதல்ல சிவந்தா ஸ்க்ரூ லூஸ். ஒரே ஒரு சுத்து மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சா அங்கே இடைவெளி. பீங்கான் முனை வெச்ச சாமணத்தால லேசா அழுத்திச் சேர்ப்பாங்க. இரும்புச் சாமணம் வெச்சா அதுவே ஷார்ட்.

இதுக்கு அப்புறம்தான் பஞ்சு. பஞ்சுல புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிகோடின். முதல் ரெண்டும் கச்சேரி மேடையில புகை விடுற மெஷின்லயும் ஊத்துறதுதான். பஞ்சு ஈரமா இருக்கிற வரை சூடு ஒரு அளவுக்கு மேல ஏறாது. காஞ்சுதுன்னா கதை மாறும். அதிகமாச் சூடான கிளிசரின்ல இருந்து அக்ரோலீன்னு ஒரு பொருள் வரும். வாணலியில எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் பிடுங்குமே ஒரு நெடி, அதே சங்கதி. சமையல்கட்டுல அம்மா ஜன்னலைத் திறப்பாங்க. இங்கே பிள்ளையாண்டான் அதை நேரா நெஞ்சுக்குள்ள இழுக்கிறான்.

கணக்கு ருசிச்சவன் அளவோட நிறுத்துவானா? புகை மேகம் மாதிரி வரணும்னு போட்டியே நடந்துச்சு. அதுக்கு ஓம் குறையணும். முழுசா சார்ஜ் ஏறின ஒரு லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். ஒரு ஓம் காயில்னா 4.2 ஆம்பியர், பாவம் பேட்டரி, தாங்கும். 0.1 ஓம்னா? 42 ஆம்பியர்! ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி நம்ம வீட்டு லைன்ல இழுக்கிறதே நாலு ஆம்பியர் சொச்சம்தான். பத்து இஸ்திரிப் பெட்டியோட கரண்ட்டை, கட்டைவிரல் சைஸ் பேட்டரிகிட்ட கேட்டா அது என்ன பண்ணும்? இதுல 'மெக்கானிக்கல் மாட்'னு ஒரு ரகம். உலோகக் குழாய், பேட்டரி, ஸ்விட்ச், அவ்வளவுதான். ஃபியூஸ் கிடையாது, தடுக்க சர்க்யூட் கிடையாது. ஓம் விதி மட்டும்தான் காவல்.

2018 மே மாசம் அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 38 வயசு மனுஷர் ஒருத்தர், கையில இருந்த கருவி வெடிச்சுச் செத்துப்போனார். 2019 ஜனவரியில டெக்ஸாஸ்ல 24 வயசுப் பையன். வெடிச்ச துண்டு கழுத்து ரத்தக் குழாயைக் கிழிச்சுடுச்சு. உங்க சீனியர் வயசுதான்.

வெடிக்காட்டா சரியான்னா, அதுவும் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 56 பேரோட கருவிகளை வாங்கிப் பரிசோதிச்சு 2018-ல் முடிவை வெளியிட்டாங்க. பாட்டில்ல இருந்த திரவத்துல உலோகம் ரொம்பக் கம்மி. அதே திரவம் காயிலைத் தொட்டுட்டுப் புகையா வந்தப்போ ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் எகிறி இருந்துச்சு. வேற எங்கேயிருந்து வரும்? கம்பியை மெதுமெதுவா சுவாசிச்சிருக்காங்க.

சரி, மார்க்கெட் பார்த்தாச்சு. ஊரைப் பார்க்க வேண்டாமா? முதல் லைன்ல செகோங்மியாவ் வரை வந்து பதினொண்ணாம் லைனுக்கு மாறுங்க. இந்த லைன்ல பிஸினஸ் கிளாஸ் பெட்டிகூட உண்டு, மெட்ரோவுல! நம்ம பர்ஸுக்கு சாதா பெட்டியே ஜம்முனு இருக்கும். வழியில ஹோங்ஷுவான் சவுத்னு ஒரு ஸ்டேஷன். ஹோங்ஷுவான்னா சதுப்புநிலக் காட்டு வளைகுடான்னு அர்த்தம், நம்ம பிச்சாவரம் மாதிரி. விமான நிலையத்தைத் தாண்டினதும் வானுயரக் கட்டடமெல்லாம் குட்டையாகி, நாலு மாடி அஞ்சு மாடி ஃபேக்டரிகள் வரிசை கட்டும். முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம் ஓடினா ஷாஜிங். 'மணல் கிணறு'ன்னு அர்த்தம்.

ஷாஜிங்கோட நிஜமான பெருமை சிப்பி. முத்து நதி கடல்ல கலக்கிற இடம். உப்பும் நல்ல தண்ணியும் கலந்த சேறு, சிப்பிக்குச் சொர்க்கம். ஆயிரம் வருஷமா இங்கே சிப்பி வளர்த்திருக்காங்க. குளிர்காலத்து வடக்குக் காத்துல அரைக்காய்ச்சலா உலர்த்தின தங்கநிறச் சிப்பிக்குத் தனி விலை. பழைய தெருக்கள்ல நடந்தா வீட்டுச் சுவர்லயே சிப்பி ஓடுகளை வரிசையா அடுக்கிக் கட்டியிருக்கிறதைப் பார்க்கலாம். நம்ம பக்கம் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கட்டினோம். இவங்க ஓட்டை அப்படியே வெச்சுக் கட்டிட்டாங்க. வெயில் சாயும்போது அந்தச் சுவர் முழுக்க நிழல் செதில் செதிலா விழும். மீன் முதுகு மாதிரி இருக்கும். இந்தப் பயணத்துல எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன், ஃபேக்டரியை இல்லை.

ஃபேக்டரி வந்தது, தண்ணி கெட்டது, சிப்பி வளர்ப்பு தள்ளித் தள்ளி வேற கடற்கரைக்குப் போயிடுச்சு. பேர் மட்டும் ஷாஜிங் சிப்பி! ஊருக்கு இப்போ புதுப் பட்டப்பேர்: 'மூடுபனிப் பள்ளத்தாக்கு'. இ-சிகரெட் ஃபேக்டரி, அதுக்குப் பேட்டரி செய்றவங்க, பிளாஸ்டிக் அச்சு வார்க்கிறவங்க, அட்டைப்பெட்டி அடிக்கிறவங்க, பஞ்சு வெட்டுறவங்க எல்லாரும் சைக்கிள் மிதிக்கிற தூரத்துல. இந்த ஊர் ஜெயிச்சதுக்குக் காரணம் அதுதான். சிவகாசியில அச்சகமும் பட்டாசும் தீப்பெட்டியும் ஒண்ணையொண்ணு தூக்கி விட்ட மாதிரி.

இத்தனைக்கும் கருவி இங்கே பிறக்கலை. 1963-லயே ஹெர்பர்ட் கில்பர்ட்னு ஒரு அமெரிக்கர் புகையில்லா சிகரெட்டுக்கு பேட்டன்ட் கேட்டு மனு போட்டார், யாரும் சீண்டலை. இன்னிக்கு நாம பார்க்கிற வகையைக் கொண்டுவந்தது வடக்குச் சீனாவின் ஷென்யாங்கைச் சேர்ந்த ஹான் லிக், ஒரு மருந்தாளுநர். அப்பா நுரையீரல் புற்றுநோயில போனவர். இவரும் சிகரெட்டை விட முடியாம தவிச்சவர். 2003-ல் பேட்டன்ட்டுக்கு எழுதிப்போட்டார். வேடிக்கை என்னன்னா, அவர் முதல்ல நம்பினது காயிலை இல்லை, அல்ட்ராசவுண்ட் அதிர்வை. மலிவான சூட்டுக் கம்பி அப்புறமா வந்து நாற்காலியைப் பிடிச்சுக்கிச்சு. 2013-ல் அவரோட கம்பெனியின் இ-சிகரெட் உரிமைகளை வாங்கினது யார் தெரியுமா? ஒரு பெரிய சிகரெட் கம்பெனி. ஏழரைக் கோடி டாலர்!

ஆரம்ப வருஷங்கள்ல இங்கே காயில் சுத்தினது கைதான். நீள மேஜை, வரிசையா உட்கார்ந்த பொண்ணுங்க, ஊசி மாதிரி கம்பி மேல சுத்து சுத்துன்னு சுத்தணும். இப்போ பெரும்பாலும் மெஷின். சுத்துறதே இல்லாம, ஓட்டை போட்ட தகட்டை வளைச்சு வைக்கிற 'மெஷ்' காயிலும் வந்தாச்சு. பேட்டரி, தகடு, பஞ்சு, திரவம் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல வெச்சு மூடி ஒட்டிடுவாங்க. ஸ்க்ரூ கிடையாது. தீர்ந்தா தூக்கிப் போடு. இந்த யூஸ் அண்ட் த்ரோ வந்ததும் சொந்தமாக் காயில் கட்டின கூட்டம் கரைஞ்சு போச்சு. அந்தப் பசங்களை நான் தூக்கி வெச்சுக் கொண்டாடலை. ஆனா ஒண்ணு, தாங்க எந்தக் கம்பியைக் கொளுத்துறோம், எத்தனை ஓம், எத்தனை வாட்னு அவங்களுக்குத் தெரியும். இன்னிக்கு மாம்பழ டப்பாவை இழுக்கிறவனுக்கு என்ன தெரியும்? உள்ளே இருக்கிற கம்பி எது? திரவத்துல என்ன கலந்திருக்கு? கள்ளச் சந்தையில வந்ததுன்னா லேபிளையும் நம்ப முடியாது. அந்த டப்பாவுக்குள்ள சார்ஜ் ஏத்தக்கூடிய நல்ல லித்தியம் பேட்டரி வேற, ஒரே ஒரு தடவை பயன்பட்டுக் குப்பைக்குப் போகுது. இங்கிலாந்து 2025 ஜூன் 1 முதல் இந்த ரகத்தோட விற்பனையைத் தடை பண்ணினதுக்கு இந்தக் குப்பையும் ஒரு காரணம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வாங்க. ஷாஜிங்ல தயாராகிற மாம்பழம், தர்பூசணி, புதினா வாசனையெல்லாம் ஷாஜிங் கடையில விற்கக் கூடாது! 2022 அக்டோபர் 1 முதல் சீனாவுக்குள்ள புகையிலை வாசனை தவிர வேற வாசனைக்குத் தடை. நிகோடினுக்கும் உச்சவரம்பு உண்டு. ஆன்லைன் விற்பனையை 2019-லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஏற்றுமதிக்கு மட்டும் எந்தப் பழமும் ஓகே. எங்க வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பார்சல்!

கோபம் வருதா? இன்னும் கொஞ்சம் வடக்கே போங்க. ஷாஜிங்குக்கு அடுத்து சாங்ஆன், அதையும் தாண்டினா ஹூமென். அதே முத்து நதிக் கரை. அங்கே ரெண்டு பெரிய தொட்டிகள் இருக்கு, குளம் மாதிரி. 1839 ஜூன் மாசம், லின் ஸெஷுங்கிற அதிகாரி, ஆங்கில வியாபாரிகள்கிட்ட பறிமுதல் பண்ணின இருபதாயிரம் பெட்டிக்கு மேற்பட்ட அபினை இந்தத் தொட்டிகள்ல கொட்டி, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைச்சுக் கடல்ல விட்டார். கரைச்சு முடிக்க 23 நாள் ஆச்சு. முதலாம் அபின் போர் மூண்டது அதுக்கு அப்புறம்தான். தோத்தது சீனா, கைவிட்டுப் போனது ஹாங்காங் தீவு. பக்கத்துலயே மியூசியம் கட்டி வெச்சிருக்காங்க, கண்டிப்பாப் பாருங்க. உள்ளே நடக்கும்போது நமக்குக் கொஞ்சம் கூசும். ஏன்னா, அந்த அபின் விளைஞ்சது நம்ம பக்கம். பீகார், பனாரஸ் வயல்கள்ல விளைய வெச்சுக் கல்கத்தாவுல ஏலம் விட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. மால்வா அபின் பம்பாய் வழியாக் கப்பல் ஏறுச்சு. அன்னிக்கு இங்கிருந்து அங்கே. இன்னிக்கு அதே ஆத்துக் கரையில இருந்து உலகத்துக்கு. நதி மட்டும் மாறலை.

திரும்பி வரும்போது பையைச் சுத்தமா வெச்சுக்குங்க. லோ வூ பாலத்தைத் தாண்டின உடனே சட்டம் வேற. ஹாங்காங்ல 2022 ஏப்ரல் 30 முதல் இ-சிகரெட்டை இறக்குமதி பண்றதும் விற்கிறதும் குற்றம். ஆத்துக்கு அந்தப் பக்கம் உலகத்துக்கே தயாரிக்கிறாங்க, ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு கொண்டுவந்தாலும் வம்பு.

நம்ம நாட்டுல? தமிழ்நாடு 2018 செப்டம்பர்லயே தடை போட்டுடுச்சு. 2019-ல் மத்திய அரசு முதல்ல அவசரச் சட்டம், டிசம்பர்ல முழுச் சட்டமே கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதுவும் கூடாது. முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரை சிறை, இல்லைன்னா ஒரு லட்சம் வரை அபராதம், ரெண்டும்கூட விழலாம். மறுபடி மாட்டினா மூணு வருஷம், அஞ்சு லட்சம் வரைக்கும். ஸ்டாக் வெச்சிருந்தா ஆறு மாசம், ஐம்பதாயிரம். இதுல நம்ம கட்டுரைக்கு சம்பந்தப்பட்ட ஒரு வரி உண்டு. முழுப் பொருளா இருந்தாலும் சரி, அதோட ஒரு பாகமா இருந்தாலும் சரின்னு சட்டம் சொல்லுது. அதாவது, 'நான் கருவியா செய்றேன், சும்மா காயில்தானே கட்டுறேன்'னு ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து சுத்தினாலும் அது தயாரிப்புதான் பாஸ்!

கம்பிக்குத் தடை இல்லை. இஸ்திரிப் பெட்டிக்கும் டோஸ்டருக்கும் வேணுமே. ஹுவாச்சியாங்பெய்ல 0.4 மி.மீ. ரீல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஒரு அடி நீளம் மூணரை ஓம் வரும். ஒரு வில்லுல இழுத்துக் கட்டி 6 வோல்ட் குடுத்தா 1.7 ஆம்பியர் ஓடும், சிவக்காம சூடாகும். தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். ஆர்க்கிடெக்சர் டிபார்ட்மென்ட்ல மாடல் பண்றவங்க உங்க ரூம் வாசல்ல க்யூவுல நிப்பாங்க. வெட்டும்போது ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க, அந்தப் புகையும் நல்லதில்லை.